மறு: லிட்டர் மாத் – 'சருகந்து' சரியா வருமா?

வணக்கம் நண்பர்களே,

லிட்டர் மாத் (litter moth)ங்கிற அந்துப்பூச்சி வகைக்குத் தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்னு பேசிக்கிட்டிருந்தோம்ல, அதுல வந்த 'குப்பை அந்து' எனக்குச் சரியாப் படல. இங்க லிட்டர்ங்கிறது நாம தெருவுல கொட்டுற குப்பை இல்ல, மரத்தடியில உதிர்ந்து கிடக்குற சருகு. இந்தப் பூச்சிகள் சேர்ந்த ஹெர்மினீனே (Herminiinae) துணைக்குடும்பத்துல பெரும்பாலான இனங்களோட புழு வாடுன இலை, காஞ்ச இலைன்னு தின்னுதான் வளருது, உதிர்ந்ததை அரிச்சு மண்ணுக்கு எருவாக்குற வேலையில அதுக்கும் பங்கு இருக்கு, அதைப் போய் குப்பைன்னு கூப்பிட மனசு வரல.

'சருகுண்ணி'ங்கிற யோசனையும் வேணாம். ஒட்டுண்ணி, சாறுண்ணி எல்லாம் இருக்குதான், ஆனா உண்ணின்னதும் மாட்டு உண்ணிதான் ஞாபகம் வரும். 'விட்டில்' நல்ல சொல்லு, ஆனா அது வெட்டுக்கிளியையும் குறிக்குதே. அந்துன்னா அரிசி மூட்டைப் பூச்சின்னு ஒருத்தர் சொன்னது நியாயம்தான், ஆனா அந்துப்பூச்சிங்கிறது இப்ப மொத்த வகைக்கும் நிலைச்சுப்போச்சு, அதை மாத்தப் போனா நூறு பூச்சியோட பேரை மாத்தணும். சருகுமான்னு ஏற்கனவே நம்மகிட்ட இருக்கு, அந்த வழியில சருகந்து.

ஒரு இனத்துல வச்சுப் பாப்போம். ஹெர்மினியா கிரிசியாலிஸ், 1775ல டெனிஸ், ஷிஃபர்முல்லர்ங்கிற ரெண்டு பூச்சி ஆய்வாளர்கள் பேர் வச்சது, பிரிட்டன்ல ஸ்மால் ஃபேன்-ஃபுட்ம்பாங்க. இறக்கை விரிச்சா மூணு செ.மீ.கூட வராது. மங்கலான பழுப்பு முன்னிறக்கையில குறுக்கே கோடுகள் ஓடும், அதுல வெளிக்கோடு வளைஞ்சு போய் இறக்கை நுனியிலயே முடியும். இதைவிடக் கொஞ்சம் பெருசான ஹெர்மினியா டார்சிபென்னாலிஸ்ல அந்தக் கோடு நுனிக்குக் கொஞ்சம் முன்னாடியே மேல் விளிம்பைத் தொட்டுடும், ரெண்டையும் பிரிக்க இதைத்தான் பாக்கணும். கிரிசியாலிஸ் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பறக்கும், ஓக் மாதிரி மரங்களோட இலைதான் புழுவுக்குச் சாப்பாடு, பச்சையும் தின்னும் வாடுனதும் தின்னும், அப்புறம் கூட்டுப்புழுவா குளிர்காலத்தைக் கடத்தும். ஆண் பூச்சியோட முன்னங்கால்ல மயிர்க்கற்றை இருக்கு, அதை விரிச்சா விசிறி மாதிரியே இருக்கும், ஃபேன்-ஃபுட்ங்கிற பேரு அதுலதான் வந்துச்சு.

அதனால என் பரிந்துரை: டார்சிபென்னாலிஸுக்கு 'விசிறிக்கால் சருகந்து', கிரிசியாலிஸுக்கு 'சிறு விசிறிக்கால் சருகந்து'. பச்சை இலையும் தின்னுதேன்னு கேப்பீங்க, பேரு துணைக்குடும்பத்துக்குப் பொதுவா வைக்கிறது, ஒவ்வொரு இனமும் சருகு மட்டும்தான் தின்னணும்னு கட்டாயம் இல்ல. துணைக்குடும்பத்தை 'சருகந்தினம்'னு சேத்து எழுதினா படிக்கச் சிக்கலா இருக்கு, 'சருகந்துத் துணைக்குடும்பம்'னு நீளமாவே எழுதலாம். இலங்கை நண்பர்கள் அந்துக்கு வேற சொல்லு புழங்குறீங்களான்னு சொல்லுங்க, பார்த்துட்டு பேர்ப் பட்டியல்ல ஏத்திடலாம்.