புதுப்பிப்பு: வாணியம்பாடியில் காணாமல் போன ஆற்றங்கரைத் தெரு

தாத்தாவின் பழைய பத்திரத்தில் வரும் தெரு இப்போது எங்கே என்று போன மாதம் கேட்டிருந்தேன். "தோல் ஷெட் காம்பவுண்டுக்குள்ள போயிருக்கும்" என்றுதான் பலரும் சொன்னீர்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகள் (ஷெட்டுகள்) நிறைந்த நம்மூரில் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் துப்பு கிடைத்தது பக்கத்து வீட்டுப் பத்திரங்களில்.

சக்குபந்தியை, அதாவது மனையின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியை மட்டும் வரிசையாகப் படித்தேன். 1903க்கு முந்தையதில் தெற்கெல்லை "இன்னார் வீடு". பிந்தையதில் அதே மனைக்குத் தெற்கே "ஆற்றுப் புறம்போக்கு". நடுவில் வந்தது ஊரைத் தாக்கிய 1903 நவம்பர் பாலாற்று வெள்ளம். ஆகத் தெருவைத் தின்றது தொழிற்சாலை இல்லை, ஆறு. (இன்று அந்த ஆற்றில் மணலைத் தவிர வேறென்ன இருக்கிறது, சொல்லுங்கள்!) ஷெட்டுகள் பிறகு அந்தக் காலி இடத்துக்கு வந்திருக்கின்றன.

தேடுபவர்களுக்கு ஒன்று: ஆன்லைனில் கிடைக்கும் வில்லங்கச் சான்று (சொத்தின் மீதான பதிவுகளின் பட்டியல்) இவ்வளவு பின்னால் போகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத்தான் பார்க்க வேண்டும். தெருப் பெயரை நம்பாதீர்கள், அது மாறும். கிணறு, பள்ளிவாசல், கோயில் மதில் என்று எல்லையில் வருவதைப் பிடித்துக்கொண்டு நகர அளவை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

கிழக்கெல்லையில் வரும் "பொதுக்கிணறு" மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பக்கம் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.