கை பலமா, துல்லியமா? அந்த 15 யார்டு அவுட்டுக்கு மட்டும் பதில் சொல்லுங்க

பிரீஸ்பக்தன்
அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் டிராஃப்ட் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) பற்றிய இழையில் ஹேஷ்மார்க் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. குவார்ட்டர்பேக்கை, அதாவது அணிக்காகப் பந்தை எறிபவரை, எப்படித் தேர்வது என்று அவர் எழுதியது இது: "துல்லியத்தைப் பயிற்சியில் வரவழைச்சிடலாம், கை பலத்தை வரவழைக்க முடியாது. அதனால குவார்ட்டர்பேக் தேர்வுல கை பலம்தான் முதல்." ஜமார்கஸ் ரஸ்ஸல் என்று ஒருவர் இருந்தாரே சார்! 2007 டிராஃப்டில் முதல் ஆள். அவர் கைக்கு என்ன குறைச்சல்? ரெய்டர்ஸ் அணியில் 3 சீசன், 18 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிய ஸ்கோர்), 23 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட எறிதல்), 52.1 சதவீத கம்ப்ளீஷன் (தன் அணியினர் பிடித்த எறிதல்). 2010-ல் வெளியே அனுப்பிவிட்டார்கள். இந்தப் பக்கம் டிரூ பிரீஸ். 6 அடி உயரம், 2001-ல் 32-வதாக எடுக்கப்பட்டவர், 2005 கடைசி ஆட்டத்தில் எறியும் தோளிலேயே லேப்ரம் என்ற குருத்தெலும்பு கிழிந்தது. அந்தத் தோளோடுதான் நியூ ஆர்லியன்ஸுக்கு லீக் பட்டமான சூப்பர் பௌலை வாங்கிக் கொடுத்தார், 2018-ல் 74.4 சதவீதம் எறிந்தார். கை பலம் முதல் என்றால் இதற்கு என்ன பதில்?

ஹேஷ்மார்க்
ரஸ்ஸல் பேரைச் சொல்லாம இந்த விவாதத்தை யாரும் ஆரம்பிச்சதே இல்ல. சரி, பேரை விடுங்க, கணக்குக்கு வாங்க.

பந்து இடது ஹேஷில், அதாவது மைதானத்து நடுவுல இருக்கற இடப்பக்கக் குறிக்கோட்டுல இருக்கு. வலது சைடுலைன் பக்கம் 15 யார்டு அவுட்: ரிசீவர் (பந்தைப் பிடிக்கறவர்) 15 யார்டு நேரா ஓடி, சைடுலைன் பக்கம் வெட்டித் திரும்புவார். என்எஃப்எல்-ல ஹேஷிலிருந்து எதிர் சைடுலைனுக்கு 89 அடி 3 அங்குலம், அதாவது 30 யார்டுக்குக் கொஞ்சம் குறைவு. கோட்டுக்கு 2 யார்டு உள்ளே பிடிக்கணும். சென்டர்கிட்ட பந்தை வாங்கி 5 ஸ்டெப் டிராப் போட்டா, அதாவது 5 எட்டு பின்னால போனா, குவார்ட்டர்பேக் 7 யார்டு பின்னாடி நிக்கிறார். குறுக்கே 28, நீளத்துல 22. பந்து பறக்கிற தூரம் 35 யார்டு! ஸ்டாட் ஷீட்ல 15-னு விழும்.

2018 கம்பைன்ல (டிராஃப்டுக்கு முந்தின திறன் சோதனை) பஃபலோ அணியோட ஜோஷ் ஆலன் எறிஞ்ச வேகம் மணிக்கு 62 மைல். அந்த வேகத்துல 35 யார்டுக்கு 1.16 நொடி. 54 மைல் எறியறவருக்கு 1.33. வித்தியாசம் 0.17 நொடி. பந்தைப் பார்த்துட்டுப் பாயற கார்னர்பேக் (ரிசீவரைத் தடுக்கற எதிரணி ஆள்) நொடிக்கு 7 யார்டு ஓடுவார்னு வைங்க, 0.17-ல 1 யார்டுக்கு மேல வந்துடுவார். ரிசீவர் கைக்கும் பிக் சிக்ஸுக்கும் (எதிராளி பந்தைப் பறிச்சு ஓடிப் போடற டச்டவுன்) நடுவுல இருக்கறது அந்த 1 யார்டுதான். அவுட்ல இன்டர்செப்ஷன் ஆனா கார்னருக்கு முன்னாடி ஓட்டத்தைத் தடுக்க ஆளே இல்ல.

0.17-க்குப் பதில் சொல்லிட்டு மேலே பேசுங்க.

பிரீஸ்பக்தன்
பதில் சுலபம். பிரீஸ் அந்த அவுட்டை ரிசீவர் திரும்பிய பிறகு எறிவதில்லை. ஐந்தாவது ஸ்டெப்பில் பின்கால் ஊன்றும்போது ரிசீவர் இன்னும் நேராக ஓடிக்கொண்டிருப்பார். கையிலிருந்து பந்து போன பிறகுதான் அவர் வெட்டித் திரும்புவார். கார்னருக்குப் பார்த்துப் பாய எதுவுமே இல்லை. பெரிய கை இருக்கிறது என்று நம்பி, ரிசீவர் திரும்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஒரு ஹிட்ச் (சின்னத் துள்ளல் எட்டு) போட்டு எறிபவர் உங்கள் 0.17-ஐ அந்த ஹிட்ச்சிலேயே தொலைத்துவிடுவார். பந்து எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. வெளித் தோளுக்கு, இடுப்பு உயரத்துக்குப் போனால் ரிசீவர் மட்டும்தான் தொட முடியும். 62 மைலில் உள் தோளுக்குப் போனால் அது கார்னருடைய பந்து.

இன்னொன்று. உங்கள் கணக்கில் காற்றுத் தடையே இல்லை.

எடிசன்காரன்
ஒரு சந்தேகம். கை பலம்னா நாம எதைச் சொல்றோம்? 65 யார்டு தூரமா, 20 யார்டுல வேகமா, கால் ஊன்ற இடம் இல்லாதப்போ வெறும் தோளால எறியறதா? மூணும் வேற வேற. கிரிக்கெட்ல 150 கிலோமீட்டர் வேகம் இருந்தும் யார்க்கர் விழாத பௌலர் மாதிரி...

ஹேஷ்மார்க்
கிரிக்கெட்டை இங்க இழுக்காதீங்க. பௌலர் மேல 5 பேர் பாயறதில்ல.

பிரீஸ்பக்தன், காற்றுத் தடையைச் சேர்த்தா ரெண்டு பேருக்குமே நேரம் கூடும். 0.17 எங்கயும் ஓடிப் போயிடாது. திரும்பறதுக்கு முன்னாடியே எறியறது நல்ல வித்தைதான், கார்னர் ஆஃப் கவரேஜ்ல, அதாவது தள்ளி, ஏமாந்து நின்னா. அவர் பிரஸ்ல, அதாவது ஒட்டி வந்து ரிசீவரை 1 ஸ்டெப் தாமதப்படுத்தினா? முன்கூட்டி எறிஞ்ச பந்து காலி இடத்துக்குப் போகும். அப்போ காத்திருந்து எறியணும். காத்திருந்து எறிய 0.17 வேணும்!

ஆலனுக்கு வரேன். கம்ப்ளீஷன் சதவீதம் 2018-ல 52.8, 2019-ல 58.8, 2020-ல 69.2. துல்லியம் வந்துச்சா இல்லயா? அதே தோள்தான். 2018-ல இதே மன்றத்துல, வயோமிங் கல்லூரியிலேர்ந்து வந்த அவரை "வயோமிங் ரஸ்ஸல்"னு எழுதினது யாருன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

பிரீஸ்பக்தன்
எழுதினேன், அன்றைய எண்களை வைத்து எழுதினேன். 2020-ல் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் பஃபலோவுக்கு வந்தார், 127 கேட்ச் பிடித்தார். அந்த 69.2-ல் அவருக்குப் பங்கில்லையா? 2024-ல் டிக்ஸ் ஹூஸ்டன் போனதும் ஆலன் 63.6-க்கு இறங்கினார்.

ஹேஷ்மார்க்
63.6-க்கு இறங்கின அந்த வருஷம்தான் அவருக்கு எம்விபி (சிறந்த ஆட்டக்காரர் விருது) கொடுத்தாங்க. உங்க சதவீதத்துக்கு இருக்கற மரியாதை அவ்வளவுதான். சாம் பிராட்ஃபர்ட் 2016-ல 71.6 எறிஞ்சார், அன்னிக்கு அது லீக் சாதனை. அவர் அணி வைக்கிங்ஸ் 8 வெற்றி, 8 தோல்வி. பக்கத்துல நிக்கறவருக்குப் போடற அஞ்சு யார்டு செக் டவுனும் கம்ப்ளீஷன்தான், அதைவிடக் கிட்ட போடற ஸ்கிரீனும் கம்ப்ளீஷன்தான்.

மூணாவதுடவுன்
இதுக்குத்தான் வெறும் சதவீதத்தைப் பார்க்கக் கூடாதுன்றது. பந்துலயும் ஷோல்டர் பேட்லயும் சிப் வச்சு, ரிசீவர் எவ்வளவு திறந்திருந்தார், எவ்வளவு தூரம் எறிஞ்சார்னு பார்த்து எதிர்பார்த்த சதவீதம்னு ஒண்ணு போடறாங்க. அதுக்கு மேல எவ்வளவுன்னு பாருங்க.

அப்புறம் ஹேஷ்மார்க் அண்ணே, பஃபலோல காத்து அடிக்கும், அதுக்குப் பெரிய கை வேணும்னு எப்பவும் சொல்வீங்களே. 2021 டிசம்பர் 6 ஞாபகம் இருக்கா? பஃபலோவோட மோதின பேட்ரியட்ஸ் தங்க குவார்ட்டர்பேக் மேக் ஜோன்ஸை 3 தடவைதான் எறிய விட்டாங்க. 2 கம்ப்ளீஷன், 19 யார்டு. உங்க ஆலன் 30 எறிஞ்சு 15 கம்ப்ளீஷன், 145 யார்டு. ஜெயிச்சது பேட்ரியட்ஸ், 14-10.

ஹேஷ்மார்க்
மேக் ஜோன்ஸை ஏன் 3 தடவைதான் எறிய விட்டாங்க? அந்தக் காத்துல அவர் கையை அவர் கோச்சே நம்பல. என் வாதத்தை எனக்கே எடுத்துக் கொடுத்ததுக்கு நன்றி.

மூணாவதுடவுன்
நம்பி 30 தடவை எறிய விட்டவங்க தோத்தாங்களே அண்ணே.

ஹேஷ்மார்க்
பேட்ரியட்ஸோட டேமியன் ஹாரிஸ் பந்தோட 64 யார்டு ஓடினதால தோத்தாங்க. அதுக்கும் குவார்ட்டர்பேக் கைக்கும் என்ன சம்பந்தம்? பேச்சை மாத்தாதீங்க. 0.17.

பிரீஸ்பக்தன்
டென்வர் குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங், 2013. கழுத்து அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு கை பழைய கை இல்லை, பந்து ஆடி ஆடித்தான் போகும். 55 டச்டவுன், 5,477 யார்டு. உங்கள் 0.17 அந்த வருடம் முழுக்க எங்கே போயிருந்தது?

ஹேஷ்மார்க்
பிப்ரவரி சூப்பர் பௌல்ல சியாட்டில்கிட்ட இருந்து வந்துச்சு. 43-8 தோல்வி. குறுகிய ரூட் எல்லாத்து மேலயும் ஏறி உக்காந்தாங்க, மேலே பறந்து வரும்னு பயமே இல்ல. சியாட்டிலோட மால்கம் ஸ்மித் பந்தைப் பறிச்சு 69 யார்டு திருப்பி ஓடி டச்டவுன் போட்டார்.

பிரீஸ்பக்தன்
அந்த எறிதலில் கிளிஃப் ஏவ்ரில் மேனிங்கின் கையைத் தட்டிவிட்டார்! பந்து அந்தரத்தில் மிதந்தது. கையில் அடி விழுந்தால் 62 மைல்காரர் பந்தும் அப்படித்தான் மிதக்கும். ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஹேஷ்மார்க்
பார்த்துட்டுத்தான் எழுதறேன். மத்த எறிதலை எல்லாமும் யார் தட்டினா?

எடிசன்காரன்
என் கேள்வி அப்படியே கிடக்கு. தூரமா, வேகமா?

மூணாவதுடவுன்
"துல்லியம் பயிற்சியில் வரும்"கிறதுக்கு இன்னும் யாரும் எப்படின்னு சொல்லலையே. வலது கைக்காரர்னு வைங்க. முன்கால் ரொம்ப நீட்டி வச்சா எடை பின்னாலயே தங்கிடும், பந்து மூக்கு தூக்கி ரிசீவர் தலைக்கு மேல போகும். முன்கால் ரொம்ப மூடி வச்சா இடுப்பு திரும்ப இடமில்ல, கை உடம்புக்குக் குறுக்கே வந்து பந்து உள்பக்கமா போகும். இடுப்பு முதல்ல, அப்புறம் தோள், கடைசியில முழங்கை. இந்த வரிசை கலைஞ்சா பந்து எங்க போகும்னு எறிஞ்சவருக்கே தெரியாது. ஆலன் சீசன் இல்லாத மாசங்கள்ல பயிற்சியாளர் ஜோர்டன் பால்மர்கிட்ட இந்த மாதிரி விஷயத்துலதான் உழைச்சார். ஆனா இதே பயிற்சி எத்தனையோ பேர் எடுக்கறாங்க, 16 சதவீதம் ஏறினவங்க எத்தனை பேர்? ஒருத்தர் ஏறினதை வச்சு டிராஃப்ட்ல முதல் ரவுண்டைச் செலவு பண்ணுவீங்களா?

ஹேஷ்மார்க்
பண்ணுவேன். அதே வரிசை சரியானா வேகமும் கொஞ்சம் கூடும், அதை நான் மறுக்கல. ஆனா 54-ஐ 62 ஆக்கின பயிற்சியாளர் யாருன்னு ஒரு பேர் சொல்லுங்க. ஒரே ஒரு பேர். 2020 சூப்பர் பௌல்ல கேன்சஸ் சிட்டி 20-10 பின்தங்கி, மூணாவது டவுன் (நாலு வாய்ப்புல மூணாவது), இன்னும் 15 யார்டு வேணும். மஹோம்ஸ் பின்னாடி போய்க்கிட்டே எறிஞ்சார், பந்து காத்துல 57 யார்டு. டைரீக் ஹில் பிடிச்சதுல அணிக்கு 44 யார்டு. பிரீஸ் அதை எறிவாரா?

பிரீஸ்பக்தன்
ஹில்லைச் சுற்றி ஆளே இல்லை. அங்கே துல்லியத்துக்குச் சோதனையே வரவில்லை. அப்படி ஒரு எறிதல் ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை வரும்? ஸ்லான்ட், ஹிட்ச் ரூட், கிராஸர் போன்ற குறுகிய ஓட்டப்பாதைகள் எத்தனை முறை வரும்? ஓடும் ரிசீவருக்கு ஒரு அடி முன்னால் போட்டால் 6 யார்டு 20 யார்டாகும். பின்தோளில் போட்டால் அதே இடத்தில் விழுவார். அதற்கு 62 மைல் எதற்கு?

ஹேஷ்மார்க்
ஸ்லான்டை எல்லாரும் எறிவாங்க. நான் கேட்டது 15 யார்டு அவுட், எதிர் ஹேஷ், பிரஸ் கவரேஜ். மூணாவது தடவை கேக்கறேன்.

பிரீஸ்பக்தன்
பிரஸ்ஸில் நிற்கும் கார்னர் மேல் அவுட் எறிய வேண்டாம், ஃபேட் (சைடுலைனை ஒட்டி ஆழமாக, உயர எறிவது) எறியுங்கள் என்கிறேன். அது பாசிங் கேமில் முதல் பாடம்.

ஹேஷ்மார்க்
ஃபேட்! அதுவும் எதிர் ஹேஷ்லேர்ந்து. 40 யார்டுக்கு மேல பறக்கணும். அதுக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க.

பிரீஸ்பக்தன்
டச். கையின் மென்மை.