பிளஸ் டூ முடிச்சு பி.ஏ. இன்டர்நேஷனல் ஸ்டடீஸ்: உள்ளே என்ன இருக்குது, எங்கே சறுக்கும்?

பெருந்துறை_மல்லி கேட்டது:

வணக்கமுங்க. தம்பி பிளஸ் டூ படிக்கறான். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் குரூப், தமிழ் வழி. பி.ஏ. இன்டர்நேஷனல் ஸ்டடீஸ்தான் படிப்பேன்னு நிக்கறான். வீட்டுல, "பி.காம். படிச்சா திருப்பூர்ல ஏதாச்சும் வேலை கிடைக்கும், இதைப் படிச்சு என்ன பண்ணுவே?"ன்னு கேக்கறாங்க. அதுல என்னதான் சொல்லித் தர்றாங்க? எங்கே சேரலாம்? தமிழ் வழிப் பையனுக்கு எது கஷ்டமாகும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நொய்யல்கரை:

முதல்ல பேரைச் சரியாப் பாத்துக்குங்க அம்மிணி. நம்ம பக்கத்துக் காலேஜ்கள்ல பி.காம். இன்டர்நேஷனல் பிசினஸ்னு ஒண்ணு இருக்குது. அது ஏற்றுமதி ஆவணம், அன்னியச் செலாவணி, லெட்டர் ஆஃப் கிரெடிட் (வாங்கறவருக்காக பேங்க் குடுக்கற பண உறுதி), சரக்கு அனுப்பறது. தம்பி கேக்கறது வேற. நாடுகள் ஏன் சண்டை போடுது, ஏன் ஒப்பந்தம் போடுது, அந்த ஒப்பந்தம் எப்ப நிக்கும், எப்ப உடையும்னு பாக்கற படிப்பு. அரசியல், பொருளாதாரம், வரலாறு, சட்டம் நாலும் கலந்து வரும். "இன்டர்நேஷனல்"ங்கற ஒரு வார்த்தையை நம்பி மாறிச் சேர்ந்துட்டா ஒரு வருசம் வீணாயிரும்.

படிப்பு எப்படிப்பட்டதுன்னு வீட்டுக்கு விளக்க ஒரு காட்டன் டி-ஷர்ட் போதும். சுங்கப் பட்டியல்ல அதோட எண் 6109.10. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள போக வழக்கமான வரி 12%. பங்களாதேஷ் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியல்ல இருக்கறதால, 2001-லேருந்து அதுக்கு அங்கே சலுகைத் திட்டத்துல வரி பூஜ்யம். 2011-லேருந்து விதி இன்னும் இளகிருச்சு. துணியை வெளிநாட்டுல வாங்கி அங்கே தைச்சாலே பங்களாதேஷ் சரக்குதான். பட்டியலை விட்டு வெளியே வந்தா, சலுகை வேணும்னா துணியும் அங்கேயே உருவாகியிருக்கணும், தையலும் அங்கேயே நடக்கணும். வெளியேற 2026 நவம்பர் 24-ன்னு ஐ.நா. பொதுச்சபை 2021-ல நாள் குறிச்சது. அதுக்கு மேல ஐரோப்பா 3 வருசம் அவகாசம் குடுக்கும்.

இங்கதான் கவனிக்கணும். பங்களாதேஷ்ல பின்னலாடைக்கு வேண்டிய துணியைப் பெரும்பாலும் அங்கேயே பின்னிக்கறாங்க. நெய்த துணிச் சட்டை, பேன்ட்டுக்குத்தான் இறக்குமதித் துணி அதிகம். அப்ப துணி, தையல் ரெண்டும் அங்கேயே நடக்கணும்ங்கற ரெண்டு கட்ட விதி வந்தா அடி யாருக்கு? திருப்பூர் பனியனுக்கு லாபமா, இல்ல சட்டை தைக்கற வேற ஊருக்கா? பி.காம். படிச்ச பையன் அந்த 6109-ஐ ஷிப்பிங் பில்லுல (ஏற்றுமதிக்குச் சுங்கத்துல குடுக்கற தாள்) சரியாப் போடுவான். இந்தக் கேள்வியைக் கேட்டு, விதியைப் படிச்சு, ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தை எடுத்து, 10 பக்கத்துல பதில் எழுதறது தம்பி கேக்கற படிப்பு. ஏற்றுமதியாளர் சங்கம், பையிங் ஹவுஸ் (வெளிநாட்டு கம்பெனிக்காக இங்கே சரக்கு வாங்கித் தர்ற ஆபீஸ்), கொள்கை ஆய்வு நிறுவனம், பத்திரிகைன்னு எல்லா இடத்துலயும் இந்தத் திறமைக்குத் தேவை இருக்குது. ஆனா வெறும் பி.ஏ.வை வெச்சுச் சம்பளக் கணக்குப் போடாதீங்க. எம்.ஏ.வும் சேத்து 5 வருசம்னு வெச்சுக்குங்க.

கொடிவேரி_நிழல்:

சேர்க்கை பத்தி. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துல (ஜே.என்.யூ.) பி.ஏ. இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் இருக்குதுன்னு நிறையப் பேர் நெனைக்கறாங்க. அங்கே இருக்கற சர்வதேச ஆய்வுப் பள்ளி (1955-ல தனி நிறுவனமாத் தொடங்கி 1970-ல ஜே.என்.யூ.வோட சேர்ந்தது) எம்.ஏ.விலிருந்துதான். பி.ஏ.ன்னா அங்கே வெளிநாட்டு மொழிப் படிப்புகள். அதனால ரெண்டு பாதை. ஒண்ணு, தனியார் பல்கலைக்கழகத்துல நேரா இதே பேருல பி.ஏ. அதுல பல இடத்துல கட்டணம் லட்சக்கணக்குல. இன்னொண்ணு, அரசியல் அறிவியல், பொருளியல், வரலாறு இதுல ஒண்ணுல நல்ல பி.ஏ. முடிச்சு, எம்.ஏ.வுல இந்தத் துறைக்குத் திரும்பறது. என்னோட எண்ணம், கடன் வாங்கித்தான் படிக்கணும்னா ரெண்டாவது பாதைதான் சரி. பட்டத்தோட பேரை விட சிலபஸ்ல சர்வதேசச் சட்டம், உலகப் பொருளாதார அரசியல், ஆய்வு முறை மூணும் இருக்குதான்னு பாருங்க. ஆய்வு முறையும் புள்ளியியலும் இல்லாத சிலபஸ்னா வேண்டாம்.

மத்தியப் பல்கலைக்கழகம்னா கியூட்ங்கற பொது நுழைவுத் தேர்வு. 2025-லேருந்து அதிகபட்சம் 5 பாடம், ஒவ்வொண்ணுக்கும் 50 கேள்வி, 60 நிமிசம். சரிக்கு 5 மார்க், தப்புக்கு 1 போகும். தமிழ்லயே எழுதலாம். சறுக்கல் எங்கேன்னா, முதல்ல தேர்வுக்குப் பாடத்தைத் தேர்ந்தெடுத்துட்டு அப்புறமேட்டு பல்கலைக்கழகம் கேக்கற பாடத்தைப் பாக்கறது. தலைகீழாச் செய்யுங்க. சேர நெனைக்கற ஒவ்வொரு இடமும் என்ன மொழி, என்ன பாடம் கேக்குதுன்னு ஒரு தாள்ல எழுதி வெச்சுட்டு, அதுக்கப்புறம் விண்ணப்பத்தைத் திறங்க. தம்பி குரூப்புல அரசியல் அறிவியல் இல்ல. அதை எழுதறதா இருந்தா என்.சி.இ.ஆர்.டி. 12-ம் வகுப்புப் புத்தகம் ரெண்டையும் படிக்கணும். ஒண்ணு முழுக்க உலக அரசியல், அவனுக்குப் பிடிக்கும்.

இன்னொண்ணு முக்கியமுங்க. கையில இருக்கற பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. மத்தியப் பட்டியல்படி ஓ.பி.சி. நான் கிரீமிலேயர் (வசதி வரம்புக்குள்ள இருக்கற குடும்பம்னு சொல்றது) சான்றிதழ் தனியா வாங்கணும். டெல்லிப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்கள்ல அந்த நிதியாண்டுல வாங்கினதாவும் இருக்கணும். ஏப்ரல்லயே இ-சேவையில போட்டுருங்க. சீட் கிடைச்ச பிறகு தாலுகா ஆபீஸுக்கு ஓடினா பத்தாது.

கொல்லிமலைக்காத்து:

தமிழ் வழிக்குச் சறுக்கறது அறிவுல இல்ல, வாசிப்பு வேகத்துல. ஒரு வாரத்துக்கு 80, 100 பக்கம் இங்கிலீஷ் கட்டுரை குடுப்பாங்க. முதல் வரியிலேருந்து அகராதியும் கையுமா உக்காந்தா 12 பக்கத்துல வாரம் முடிஞ்சுரும். முதல்ல முன்னுரை, முடிவுரை. அடுத்து ஒவ்வொரு பத்தியோட முதல் வரி. பொறவு ஓரத்துல தமிழ்லயே மூணு வரி: இவர் என்ன சொல்றார், எதை வெச்சுச் சொல்றார், எங்கே இடிக்குது. இப்பவே தினமும் 4 பக்கம் பழகினா ஜூலைக்குள்ள கைக்கு வந்துரும்.

ரெண்டாவது தப்பு, செய்தியைப் படிப்புன்னு நெனைக்கறது. உதாரணத்துக்கு, பறவைக் காய்ச்சல்னு சொல்லி அமெரிக்கக் கோழி, முட்டையை இந்தியா தடுத்துச்சு. 2012-ல அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புல வழக்குப் போட்டுச்சு, 2015-ல மேல்முறையீட்டுலயும் நாம தோத்தோம். செய்தி அவ்வளவுதான். ஏன் தோத்தோம்னு தீர்ப்பைப் படிச்சா, ஆபத்து மதிப்பீடு செய்யல, நோய் வந்த பகுதியையும் வராத பகுதியையும் பிரிச்சுப் பாக்கலன்னு இருக்கும். இப்ப திருப்பிப் பாருங்க. நாட்டோட வேற மூலையில காய்ச்சல் வந்தா, நாமக்கல் முட்டையைத் தடுக்காதேன்னு வாங்கற நாட்டுக்கிட்ட வாதாட நமக்கு இருக்கறதும் அதே பகுதி பிரிக்கற விதிதான். பரீட்சையில மார்க் செய்திக்கு இல்ல, இந்த மாதிரி காரணத்தை அலசறதுக்குத்தான்.

பெருந்துறை_மல்லி:

ரொம்ப நன்றிங்க. அப்பா "ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) ஆகறதுக்குத்தானே இது"ன்னு கேக்கறாரு. அதுக்கு இந்தப் பட்டம் கட்டாயமா? மொழி எது எடுக்கறது?

நொய்யல்கரை:

கட்டாயம் இல்லீங்க. ஐ.எஃப்.எஸ். யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீசஸ் தேர்வு வழியா. எந்தப் பட்டமும் போதும். வயசு 21 முதல் 32, ஓ.பி.சி.க்கு 35. பொதுப் பிரிவுக்கு 6 முறை, ஓ.பி.சி.க்கு 9 முறை. இந்தப் படிப்பு உதவறது மெயின்ஸ்ல (முதன்மைத் தேர்வு). அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த ஆப்ஷனலுக்கு (நாமளே தேர்ந்தெடுக்கற விருப்பப் பாடம்) ரெண்டு தாள், 500 மார்க். பொது அறிவு ரெண்டாம் தாள்லயும் ஒரு பகுதி வரும். கோவையில பாரதியார் பல்கலைக்கழக வளாகத்துலயே அரசுப் பயிற்சி மையம் இருக்குது.

மொழிக்கு, அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனம் இங்கிலீஷ்காரங்களுக்குப் போட்ட கணக்கு: பிரெஞ்சு, ஸ்பானிஷுக்கு 600 முதல் 750 மணி நேரம், அரபு, சீனம், ஜப்பானியம், கொரியனுக்கு 2,200. ஜப்பானியத்துல வினைச்சொல் நம்ம தமிழ் மாதிரியே கடைசியில வரும், வாக்கியம் சீக்கிரம் பிடிபடும். எழுத்துதான் நேரம் தின்னும். ஒண்ணை எடுத்தா மூணு வருசமும் அதையே பிடிச்சுக்கணும். ரெண்டு மொழியில ஆரம்பப் படி முடிச்சவனை விட, ஒரு மொழியில பி2 (தடங்கலில்லாமப் பேசி எழுதற மேல்நிலைப் படி) வரைக்கும் போனவனைத்தான் வேலைக்கு எடுப்பாங்க. ஜெர்மன்னா கோவையிலயே கோதே சென்ட்ரம்ங்கற ஜெர்மன் மொழி மையம் இருக்குது. ஜப்பானிய மொழித் தேர்வு ஜூலை, டிசம்பர்ல நடக்கும், சென்னையில எழுதலாம். பதிவு பல வாரம் முன்னாடியே மூடிரும், அதை மட்டும் காலண்டர்ல குறிச்சு வெச்சுருங்க.