ஒருவருமே புகைக்காத சிகரெட் படம்: விளம்பரமா, அம்பலமா?

மேலவீதி:
‘தேங்க் யூ ஃபார் ஸ்மோக்கிங்’ படம் புகையிலை நிறுவனங்களுக்கான இரண்டு மணி நேர விளம்பரம் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து என் எரிச்சல் அடங்கவில்லை. ஜேசன் ரைட்மன் 2005-இல் இயக்கிய அந்தப் படம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே ஓடும். புகையிலை நிறுவனங்களுக்காக வாதாடிச் சம்பாதிக்கும் நிக் நெய்லர்தான் கதாநாயகன் என்றாலும், அவரோ படத்தின் வேறு எந்தப் பாத்திரமோ புகைப்பதாக ஒரு காட்சிகூட இல்லை. நெய்லர் ஒருமுறை சிகரெட் பெட்டியைத் திறக்கிறார், அதுவும் காலி. விற்க வேண்டிய சரக்கை ஒளித்து வைத்து விளம்பரம் எடுப்பவர் உண்டா?

நெய்தல்:
அதை எழுதியவன் நான்தான். பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். நெய்லர் பார்க்கும் ஜான் வேய்னின் பழைய போர்ப்படத்தில் சிகரெட் வருகிறதே, அது உங்கள் கண்ணில் படவில்லையா? புகையைக் காட்டாததுதான் இந்தப் படத்தின் தந்திரம் என்கிறேன். நாற்றமும் சாம்பலும் இல்லாமல், நெய்லராக நடித்த ஆரன் எக்கார்ட்டின் புன்னகையும் நாவன்மையும் மட்டுமே மனத்தில் தங்குகின்றன. 1954 ஜனவரி 4 அன்று அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் நானூறுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில், மக்களின் உடல்நலமே தங்கள் தலையாய பொறுப்பு என்று அறிக்கை வெளியிட்டன. அதிலும் புகை இல்லை. ஆனாலும் அது விளம்பரம்தான்.

பொன்னி:
விளம்பரம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் நல்லது.

மேலவீதி:
ஜான் வேய்னின் காட்சி வேறொரு படத்திலிருந்து எடுத்தது. அதைக் கணக்கில் சேர்ப்பது வாதமாகாது. நுரையீரல் புற்றுநோய்க்காக 1964-இல் ஒரு நுரையீரலையே இழந்த நடிகரைக் காட்டுவது எந்தச் சிகரெட்டை விற்கும்? படத்தில் ஒருவரும் புகைக்கவில்லை.

நெய்தல்:
வேய்னின் நோயைப் பற்றிப் படத்தில் யாரும் பேசுவதில்லை; அது உங்கள் பொது அறிவு. சென்ற மாதமும் இப்படித்தான், படத்தில் இல்லாததைப் படத்தின் பெருமையாக எழுதினீர்கள். அதற்கு நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை உங்களிடமிருந்து பதில் இல்லை.

மேலவீதி:
பழைய கணக்கை இங்கே தீர்க்க வேண்டாம். சாம் எலியட் ஏற்ற பாத்திரத்தைப் பாருங்கள். சிகரெட் விளம்பரங்களில் குதிரைவீரனாக வந்து, இப்போது புற்றுநோயால் சாகக் கிடக்கும் மனிதர். அவர் வாயை அடைக்க நெய்லர் ஒரு பெட்டி நிறையப் பணம் கொண்டு போகிறார். மது, துப்பாக்கித் தொழில்களின் பேச்சாளர்களோடு உணவு மேசையில் அமர்ந்து, யாருடைய சரக்கு அதிகம் பேரைக் கொல்கிறது என்று போட்டி போடுகிறார். ஒரு தொழிலை இதைவிடக் கடுமையாக அம்பலப்படுத்த முடியுமா? அப்போதும் ஒருவரும் புகைக்கவில்லை.

நெய்தல்:
அந்த மேசையைப் பார்த்து அரங்கம் சிரிக்கிறது, வெறுக்கவில்லை. நிகோட்டின் அடிமைப்படுத்தாது என்றே தாங்கள் நம்புவதாக 1994 ஏப்ரலில் ஏழு நிறுவனத் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து சொன்னபோது நாடே கொதித்தது. நெய்லர் செனட் விசாரணையில் பேசும்போதோ, தன்னை எதிர்க்கும் செனட்டரின் மாநிலமான வெர்மான்ட்டின் செடார் பாலாடைக்கட்டியிலும் கொழுப்பு உண்டு என்று மடக்கி, பார்வையாளரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார்.

பொன்னி:
வெனிலாவா சாக்லேட்டா என்று மகனோடு வாதிடும் காட்சியை இருவரும் மறந்துவிட்டீர்கள். தான் சொன்னது சரி என்று நெய்லர் ஒருபோதும் நிறுவுவதில்லை. எதிராளி சொன்னது தவறு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

மேலவீதி:
மறக்கவில்லை. அந்தப் பித்தலாட்டத்தை நமக்குப் பிரித்துக் காட்டியதே இந்தப் படம்தான். அந்த ஐஸ்கிரீம் காட்சியிலும் ஒருவரும் புகைக்கவில்லை.

நெய்தல்:
மகனோடு ஐஸ்கிரீம் தின்னும் காட்சியில் யார் ஐயா புகைப்பார்? வேய்ன் கையில் இருந்தது என்ன என்று மட்டும் சொல்லுங்கள்.

மேலவீதி:
அது வேறு படம் என்று முன்பே எழுதிவிட்டேன்.