பெரியப்பா 80 (பெரியப்பா இல்லாத குழு)

சனிக்கிழமை, இரவு 8.40

நித்யா: எல்லோருக்கும் வணக்கம். சதாபிஷேகத்துக்கு இன்னும் 19 நாள்தான். மாலை நிகழ்ச்சிக்கு பாபு ஒரு வீடியோ செய்கிறான். பெரியப்பா வாழ்க்கையோடு அவருக்குப் பிடித்த பாடகி உஷா உதுப் வாழ்க்கையையும் கோத்துக் காட்டலாம் என்று யோசனை. வருஷங்கள் சரியாகத் தெரிந்தவர்கள் போடுங்கள்.

பாபு: மொத்தமே 7 நிமிஷம். சுருக்கமாக ப்ளீஸ்

தாம்பரம் சித்தப்பா: இதை என்னிடம் விட்டுவிடுங்கள்.

கொச்சி மன்னி: போச்சு 😄

நங்கநல்லூர் அத்தை: சமையல்காரர் அட்வான்ஸ் கேட்டு இரண்டு தரம் போன் செய்துவிட்டார். யார் கொடுக்கப் போகிறீர்கள்?

தாம்பரம் சித்தப்பா: உஷா பிறந்தது 1947 நவம்பரில், பம்பாயில். தமிழ்க் குடும்பம். அப்பா போலீஸ் அதிகாரி. அக்காக்களும் பாடகிகள். பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பிலிருந்து இவரை மட்டும் வெளியே அனுப்பிவிட்டார்கள். குரல் கனம், மற்றப் பிள்ளைகளோடு சேரவில்லை என்று. ஆனால் பெண்ணுக்குத் தாளம் இருக்கிறது என்று அந்த டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. தட்டுவதற்கு ஒரு முக்கோணக் கம்பியைக் கையில் கொடுத்து உட்காரவைத்தாராம். ஒன்பது வயதிலேயே ரேடியோ சிலோனில் பாடியாயிற்று. ரேடியோ அறிவிப்பாளர் அமீன் சயானிதான் அழைத்துப் போனவர். அப்புறம்தான் நம் கதை. 1969, மவுண்ட் ரோடு, சஃபையர் தியேட்டர் வளாகம், நைன் ஜெம்ஸ் இரவு விடுதி. அந்த மாதிரி இடத்தில் பாடுகிறவர்கள் கவுன் போட்ட காலம். இவர் புடவை கட்டிக்கொண்டு நின்று ஆங்கிலப் பாட்டு பாடினார். முதலாளி அசந்துபோய், இன்னும் ஒரு வாரம் இருந்து பாடிவிட்டுப் போ என்றார்.

பாபு: சித்தப்பா, 1969க்கே 4 நிமிஷம் ஆகிவிட்டது

பெரியம்மா: நைன் ஜெம்ஸ் வேண்டாம்.

நித்யா: ஏன் பெரியம்மா? அதுதானே முக்கியம்

பெரியம்மா: ஆபீஸில் வருஷக் கணக்கு முடிக்கிறோம் என்று மாமனாரிடம் சொல்லிவிட்டுப் போனவர் உங்கள் பெரியப்பா.

தாம்பரம் சித்தப்பா: மன்னி, அப்பா போய் 31 வருஷம் ஆயிற்று.

பெரியம்மா: அவர் படத்தை மேடையில்தானே வைக்கப் போகிறோம்.

கொச்சி மன்னி: 😂😂

திருச்சி அத்திம்பேர்: நல்ல யோசனை. ‘வேகம் வேகம்’ சித்ரா பாடியதுதானே? அதையும் சேர்க்கவும்.

தாம்பரம் சித்தப்பா: அத்திம்பேர்! அந்தக் குரலைக் கேட்டபிறகுமா சித்ரா என்கிறீர்கள்? அது உஷா. அஞ்சலி, 1990, இளையராஜா.

திருச்சி அத்திம்பேர்: சரி. சித்ராவும் நன்றாகப் பாடுவார்.

நங்கநல்லூர் அத்தை: அட்வான்ஸ்

தாம்பரம் சித்தப்பா: நைன் ஜெம்ஸுக்கு அப்புறம் கல்கத்தா. பார்க் ஸ்ட்ரீட்டில் டிரிங்காஸ். பின்னால் கணவரான உதுப்பைச் சந்தித்தது அங்கேதான். பிறகு டெல்லியில் ஓபராய் ஹோட்டல். அங்கே கேட்ட சினிமாக்காரர்கள் கூப்பிட்டு, 1970இல் பாம்பே டாக்கி, 1971இல் ஹரே ராமா ஹரே கிருஷ்ணா. தமிழில் 1975இல் மேல்நாட்டு மருமகள், அதிலும் ஆங்கிலப் பாட்டுதான்! நைரோபிக்குப் போய் ஸ்வாஹிலியில் ‘மலைகா’ பாடிக் கைதட்டல் வாங்கினார். 1980களின் ஆரம்பத்தில் பப்பி லஹிரி இசையில் டிஸ்கோ. அதே காலத்தில் மேற்கு வங்கத்தில் ஓர் அமைச்சர், இவர் பாடுவது அபசம்ஸ்கிருதி, அதாவது பண்பாட்டுச் சீரழிவு, அரசாங்க அரங்கு கிடையாது என்றார். உஷா கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். பொட்டில் இன்றைக்கும் வங்காள ‘க’ எழுத்து. கல்கத்தாவுக்குத்தான் அந்த ‘க’.

பாபு: கோர்ட் சூப்பர். அதைப் போடலாம்

நங்கநல்லூர் அத்தை: நம் அப்பா அமைச்சராக இல்லாமல் போனார்.

பெரியம்மா: 🙏

கொச்சி மன்னி: ‘எந்தெ கேரளம்’ எங்கே? இங்கே உஷா என்றால் அந்தப் பாட்டுதான். போத்தன் வாவாவில் மம்மூட்டிக்கு அம்மாவாக நடித்தார். அதுவும் வரவேண்டும்

நித்யா: மன்மதன் அம்புவில்கூட மாதவனுக்கு அம்மா

பாபு: எல்லோருக்கும் அம்மா. 7 நிமிஷம் 😭

கொச்சி மன்னி: அம்மா, பாயசம் அடை பிரதமன் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

பெரியம்மா: சேமியா என்று நான் சொல்லியாயிற்று.

கொச்சி மன்னி: ஓ. சரி அம்மா.

நித்யா: பெரியம்மா, பழைய படங்கள் ஏதாவது கிடைத்ததா?

பெரியம்மா: [படம்]

பெரியம்மா: பீரோவில் வேட்டிக்கு அடியில் இருந்தது. நான் எடுத்தது அவருக்குத் தெரியாது.

நித்யா: அய்யோ, அந்த ரெக்கார்டா!! உறை மூலையில் பச்சை மையில் பெரியப்பா கையெழுத்து, 23.8.1970. விளிம்பிலிருந்து நடு ஓட்டைவரை விரிசல். ஏதோ பசை போட்டு ஒட்டி, பசை பழுப்பேறிப் போயிருக்கிறது.

பாபு: உஷா ஐயர் என்று போட்டிருக்கிறதே. அது யார்?

தாம்பரம் சித்தப்பா: அவரேதான். அந்தக் காலத்து ரெக்கார்டுகளில் அந்தப் பெயர்தான் இருக்கும். பாபு, அந்த விரிசலை மட்டும் வீடியோவில் காட்டாதே.

நங்கநல்லூர் அத்தை: ஏன், காட்டட்டுமே.

தாம்பரம் சித்தப்பா: அக்கா, அது பூனை.

நங்கநல்லூர் அத்தை: 1972இல் நம் வீட்டுப் பூனை அரை டிராயர் போட்டிருந்ததா?

திருச்சி அத்திம்பேர்: 😀😀😀

பெரியம்மா: அண்ணா ஒரு மாசம் பேசவில்லையாமே உன்னிடம். கல்யாணத்தன்றே எனக்குச் சொன்னார்.

தாம்பரம் சித்தப்பா: அப்போது எனக்கு 15 வயது. பாய்க்கு அடியில் ரெக்கார்டு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? 2011 பத்மஸ்ரீ. 2012 ஃபிலிம்ஃபேர், ‘டார்லிங்’ பாட்டுக்காக ரேகா பரத்வாஜோடு பகிர்ந்துகொண்டது. 2024 பத்ம பூஷண்.

கொச்சி மன்னி: பேச்சை மாற்றுகிறார் 😄

நித்யா: 1969இல் நைட் கிளப், 2024இல் பத்ம பூஷண். 55 வருஷம்!

நங்கநல்லூர் அத்தை: அந்த முக்கோணக் கம்பி நிஜமா?

தாம்பரம் சித்தப்பா: நிஜம்தான் அக்கா. அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

நங்கநல்லூர் அத்தை: எனக்குச் சுருதிப் பெட்டி.

நித்யா: புரியவில்லை அத்தை

நங்கநல்லூர் அத்தை: தங்கை கமலாவுக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை. எனக்கு மூன்றுக்கு மேல் ஏறாது. நான் சேர்ந்தால் ஆம்பிளைக் குரல் கேட்கிறது என்று பாட்டு வாத்தியார் சுருதிப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார். நாலு கொலு. துருத்தியை இழுத்து இழுத்து உள்ளங்கையில் காய்ப்பு. சுண்டல் மட்டும் இரண்டு பேருக்கும் சமம்.

9.25

பாபு: அத்தை நீங்கள் பாடுவீர்களா???

தாம்பரம் சித்தப்பா: அக்கா, அதை மனதில் வைத்து நான் எழுதவில்லை.

நங்கநல்லூர் அத்தை: தெரியும். நீ எதையும் மனதில் வைத்து எழுதுகிறவன் இல்லை.

திருச்சி அத்திம்பேர்: கமலா பக்கத்தில்தான் இருக்கிறாள். சுருதிப் பெட்டி அக்காவுக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

நங்கநல்லூர் அத்தை: இருக்கட்டும்.

நித்யா: அத்தை, அன்றைக்கு நீங்கள் ஒரு பாட்டு பாடுங்களேன். உஷா பாட்டு. மூன்று கட்டைக்குச் சரியாக இருக்கும்

கொச்சி மன்னி: ஆமாம்!! லைட் மியூசிக்குக்கு ஆகும் பணமும் மிச்சம்

தாம்பரம் சித்தப்பா: லைட் மியூசிக்குக்கு நான் பேசி முடித்துவிட்டேனே.

நித்யா: எப்போது??

தாம்பரம் சித்தப்பா: ஏறக்குறைய முடித்துவிட்டேன்.

நங்கநல்லூர் அத்தை: 74 வயதில் மேடையில் பாப் பாட்டா? பார்க்கலாம்.

பாபு: உஷாவுக்கும் கிட்டத்தட்ட அதேதானே அத்தை. இன்னும் பாடுகிறார். பட்டுப்புடவையோடு மைலி சைரஸ் பாட்டு பாடிய வீடியோ நான் அனுப்பினேனே

பெரியம்மா: புடவைத் துணியிலேயே ஷூ தைத்துப் போட்டுக்கொள்வாராம். காஞ்சிபுரம். அதைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்டார் இவர். முட்டிவலிக்கு நல்லதா என்று கேட்டேன்.

நங்கநல்லூர் அத்தை: [குரல் பதிவு 0:41]

நித்யா: 😮

கொச்சி மன்னி: அத்தை!!!!!

பாபு: முதல் வரியே போதும். வீடியோ முடிவில் இதைப் போடுகிறேன்

திருச்சி அத்திம்பேர்: கமலா அழுகிறாள். நல்ல அழுகைதான்.

தாம்பரம் சித்தப்பா: இரண்டாவது வரியில் ஒரு சொல் மாறியிருக்கிறது அக்கா.

நங்கநல்லூர் அத்தை: பூனை சொல்கிறது.

பெரியம்மா: நித்யா, அவசரம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். கூடத்திலிருந்து யார் பாடுவது என்று கேட்கிறார்.

நித்யா: ரேடியோ என்று சொல்லுங்கள் பெரியம்மா!

பெரியம்மா: சொன்னேன். வசந்தா குரல் மாதிரி இருக்கிறதே என்கிறார். எழுந்து வருகிறார். ரெக்கார்டு கட்டில் மேலேயே இருக்கிறது.

பாபு: மறைத்து வையுங்கள்

தாம்பரம் சித்தப்பா: பாய்க்கு அடியில் மட்டும் வேண்டாம்!

9.58

நித்யா: பெரியம்மா?

10.06

நித்யா: பெரியம்மா என்ன ஆயிற்று?

நங்கநல்லூர் அத்தை: அண்ணா எனக்குப் போன் செய்கிறார். எடுக்கட்டுமா? அட்வான்ஸ் யார் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.