பொருள்: சூல்கொள்ளல் – மாற்றுச் சொல் தேவை (வெள்ளிக்கிழமைக்குள்)

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை:
வணக்கம். கிளினிக்குக்கு வரும் பெண்களுக்கான கைந்நூல், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓமோன், சூலகம், கபச்சுரப்பி எல்லாம் பாடப்புத்தகப்படியே வைத்துவிட்டேன். ஒன்றுதான் இடிக்கிறது. சூலகத்திலிருந்து முட்டை வெளிவருவதைப் புத்தகம் 'சூல்கொள்ளல்' என்கிறது. வரைவை வாசித்த ஒருவர், "அப்ப அன்றைக்கே பிள்ளை தங்கிவிடுமோ?" என்று கேட்டார்.

தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை:
கேட்டது நியாயம். திருமுருகாற்றுப்படையின் 'கமஞ்சூல் மாமழை' நீர் நிறைந்த கருமேகம். கமம் நிறைவு என்று தொல்காப்பிய உரியியலே சொல்கிறது. சூல்கொண்டால் கர்ப்பம்தான். இங்கே நடப்பதோ விடுதல். 'சூலுதிர்வு' எனலாம், முற்றியது தானாக உதிர்கிறது.

டொக்டர், பம்பலப்பிட்டி:
தானாக இல்லை சேர். முட்டை இருக்கும் சிறு பையான புடைப்பு முதிர முதிர, அது சுரக்கும் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன் ஏறும். வழமையில் ஈஸ்ட்ரஜன் மூளையடியிலுள்ள கபச்சுரப்பியை அடக்கி வைக்கும். மிக உயர்ந்து இரண்டு நாளளவு நின்றால், அதே ஈஸ்ட்ரஜன் தூண்டத் தொடங்கும். கபச்சுரப்பியின் எல்.எச். என்ற ஓமோன் திடீரென எழும். அது எழத் தொடங்கி ஏறக்குறைய 36 மணித்தியாலத்தில் புடைப்பு வெடித்து முட்டை வெளிவரும். அதோடு, 'உதிர்வு' என்றால் உதிரப்போக்கு என்று நினைப்பார்கள்.

தமிழாசிரியர்:
உதிரம் வடமொழி 'ருதிரம்'. உதிர்தல் தமிழ். உறவே இல்லை! அது கிடக்க, தொல்காப்பியக் கற்பியலைப் பாருங்கள்: 'பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்', அதாவது மாதவிடாயை அடுத்த பன்னிரண்டு நாளும், தலைவன் பிரிந்திருக்கக் கூடாது. முட்டை வரும் நாட்கணக்குத் தொல்காப்பியருக்குத் தெரிந்திருக்கிறது.

உயிரியல் ரீச்சர், கொள்ளுப்பிட்டி:
எல்லாருக்கும் ஒரே கணக்கில்லை சேர். முட்டை போனபின் புடைப்பு 'மஞ்சட் சடலம்' என்ற சுரப்பியாகி, புரொஜெஸ்தரோன் என்ற ஓமோனைச் சுரந்து, கரு தங்காவிட்டால் 14 நாளளவில் சுருங்கிவிடும். பெரும்பாலும் கூடிக் குறைவது அதற்கு முந்திய பாதி. 28 நாள் மாதவிடாய் வட்டத்தில் முட்டை வருவது 14ஆம் நாள் என்றால், 35 நாள் வட்டத்தில் 21 அளவில் வரும். தம்பி, கைந்நூலில் '14ஆம் நாள்' என்று மொட்டையாகப் போட்டுவிடாதீர்கள். சொல்லைவிட அதுதான் ஆபத்து. மற்றது, சாதாரண தரப் பரீட்சையில் என் பிள்ளைகள் 'சூல்கொள்ளல்' என்று எழுதினால்தான் புள்ளி.

மொழிபெயர்ப்பாளர்:
அம்மாமார் சோதனை எழுதப் போவதில்லையே ரீச்சர். 'முட்டை வெளியேறல்' போதாதா? தமிழ்நாட்டின் 'அண்டம் விடுபடுதல்' வேண்டாம்; ரொக்கெட் விடுவதுபோல இருக்கிறது.

தமிழாசிரியர்:
முட்டை கோழிக்கு.

டொக்டர்:
ஸ்கேன் அறையில் எல்லாரும் 'முட்டை' என்றுதான் கேட்கிறார்கள் சேர். என் வாக்கு அதற்கே.

ரீச்சர்:
சரி, நானும். ஆனால் முதல் இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'சூல்கொள்ளல்' வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியே போடுகிறேன். நாள் கணக்கையும் திருத்திவிட்டேன்.

தமிழாசிரியர்:
பிழையான சொல்லுக்கு அடைப்புக்குறி, சரியான சொல்லுக்கு வெளிவாசலா? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அப்புறம், இந்த 'ஓமோன்'. 1905இல் ஸ்டார்லிங் கிரேக்கத்தில் 'தூண்டு' என்ற பொருளுள்ள வினையிலிருந்து எடுத்தது. நாமும் 'தூண்டி' என்று...

மொழிபெயர்ப்பாளர்:
தூண்டிலாகிவிடும் சேர். சனிக்கிழமை பேசுவோம்.