65 போரில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே: விமானப்படையில் நிஜமாக நடந்ததா?

தாம்பரம்வாசி:
எங்கள் பெரியப்பா விமானப்படையில் ஏர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது 1965 போரைப் பற்றிப் பேச்சு வந்தது. கூடப்பிறந்த இரண்டு பேர், ஒருத்தர் நம் பக்கம், ஒருத்தர் பாகிஸ்தான் பக்கம், வானத்தில் நேருக்கு நேர் மோதினார்கள் என்று மாமா அடித்துச் சொல்கிறார். பெரியப்பா "கதை விடாதீங்க மாப்ளே" என்று எழுந்து போய்விட்டார். வாட்ஸ்அப்பிலும் இது சுற்றுகிறது, ஆனால் எதிலும் பெயர் இல்லை. நிஜமா? இல்லை என்றால் இதற்குக் கிட்டத்தட்ட ஏதாவது நடந்திருக்கிறதா?

பரங்கிமலை_பழசு:
பெயரும் ஸ்குவாட்ரனும் (விமானப் படைப்பிரிவு) இல்லாமல் வரும் கதையை நம்பாதீர்கள். இரண்டு நிஜக் கதைகளை யாரோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ட்ரெவர் கீலர், டென்சில் கீலர் என்று லக்னோ ஆங்கிலோ இந்திய சகோதரர்கள், 65 செப்டம்பரில் ஆளுக்கொரு பாகிஸ்தான் சேபர் போர் விமானத்தை வீழ்த்தியதற்காக இருவருக்கும் வீர சக்ரா கிடைத்தது, ஆனால் இருவருமே நாட் விமானம் ஓட்டிய நம் ஆட்கள். இன்னொரு சகோதர ஜோடி யாகூப் கானும் யூனுஸ் கானும். பிரிவினையில் ஆளுக்கொரு நாட்டுப் படைக்குப் போனவர்கள்தான், ஆனால் தரைப்படை.

கூர்க்_காபி:
ரத்த சொந்தம் வேண்டுமென்றால் நம் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா கதை இருக்கிறது. அவருடைய மகன் நந்தா நம் விமானப்படையில் ஹண்டர் போர் விமானம் ஓட்டியவர், 1965 செப்டம்பர் 22, அதாவது சண்டை ஓயும் தறுவாயில், பாகிஸ்தான் எல்லைக்குள் விழுந்து பிடிபட்டார். அங்கே ஜனாதிபதி அயூப் கான், பழைய ராணுவத்தில் கரியப்பாவுக்குக் கீழே வேலை பார்த்தவர். பையனை விட்டுவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார். அப்பா மறுத்துவிட்டார், எல்லாக் கைதிகளும் என் பிள்ளைகள்தான், விட்டால் எல்லாரையும் விடுங்கள் என்று. (நந்தா பிற்பாடு ஏர் மார்ஷல் வரை உயர்ந்தார்.)

அதே வருடம் ஏப்ரலில் கட்ச் எல்லைத் தகராறின்போது பாகிஸ்தான் விமானப்படைத் தலைவர் அஸ்கர் கான் நம் தலைவர் அர்ஜன் சிங்குக்கு நேரடியாகப் போன் போட்டு, இரண்டு பேரும் சண்டையில் விமானங்களை ஈடுபடுத்த வேண்டாம் என்று பேசியதும் நடந்தது. 47க்கு முன் ஒரே படை, ஒரே மெஸ். பிரிவினையின்போது இத்ரிஸ் லதீஃப் என்ற அதிகாரியைக்கூட, சக அதிகாரிகளான அஸ்கர் கானும் நூர் கானும் பாகிஸ்தானுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை, 1978இல் நம் விமானப்படைத் தலைவரே ஆனார்.

டாக்கா_டைரி:
71ஐ, அதாவது வங்கதேச விடுதலைப் போரை, விட்டுவிட்டீர்களே. ஆகஸ்ட் 20, கராச்சி மஸ்ரூர் தளம். பாகிஸ்தான் விமானப்படையிலேயே இருந்த மதியுர் ரஹ்மான் என்ற வங்காளிப் பயிற்சியாளர், ரஷீத் மின்ஹாஸ் என்ற இளம் விமானி ஓட்டிக் கிளம்பிய டி-33 பயிற்சி விமானத்தில் தொற்றிக்கொண்டு இந்தியப் பக்கம் திருப்பப் பார்த்தார். இருவருக்கும் உள்ளேயே மல்லுக்கட்டு, எல்லைக்கு முன்னாலேயே விமானம் விழுந்து இருவரும் இறந்துவிட்டார்கள். பாகிஸ்தான் மின்ஹாஸுக்கு நிஷான்-ஏ-ஹைதர் கொடுத்தது, வங்கதேசம் மதியுருக்கு பீர் ஸ்ரேஷ்டோ கொடுத்தது. இரண்டுமே அந்தந்த நாட்டின் உச்ச வீர விருது. ஒரே காக்பிட்டில் இரண்டு தேசம், இதைவிட நெருக்கமாக எதிரெதிர் அணி எங்கே கிடைக்கும்?

பெரம்பூர்_லோகோ:
எல்லாம் சரி, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டால் அண்ணன் தம்பியா? கேட்டது குடும்பம். அதற்குப் பஞ்சாப் வரை போக வேண்டாம், நம் ஊரிலேயே தேடலாம். 1944இல் இம்பாலில் அதே அர்ஜன் சிங்கின் 1ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன் போர் விமானங்கள் பிரிட்டிஷ் தரப்பில் ஜப்பானியர்களைத் தாக்கிக்கொண்டிருந்தன. ஜப்பானியர்களோடு வந்தது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ. அந்தப் படையில் மலேயாவில் சேர்ந்த தோட்டத் தமிழர்கள் ஏராளம், மெட்ராஸ் டாக்டர் கேப்டன் லட்சுமியும் உண்டு. இங்கே மெட்ராஸிலோ 1942 ஏப்ரலில் குண்டு பயத்தில் பாதி ஊர் காலி, 43 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் நிஜமாகவே துறைமுகப் பக்கம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. பினாங்கில் சித்தப்பா ஐ.என்.ஏ., மெட்ராஸ் ஜார்ஜ் டவுனில் அண்ணன் மகன் பிரிட்டிஷ் விமானத்தளத்தில் ஃபிட்டர் என்று இருந்த வீடுகள் நிச்சயம் இருந்திருக்கும், யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். மலேயா சொந்தம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் பழைய கடிதம், போட்டோ கிடைக்கிறதா பார்த்துவிட்டு இங்கே போடுங்கள்.